ஐந்து மாதப் பிள்ளை, பொத்திய ஒரு கை: பொறுப்பதா, கொழும்புக்குப் போவதா, கிளினிக்கில் காட்டுவதா?

மட்டக்களப்புப் பக்கம் மண்டூரில் இருக்கும் என் சின்னம்மாவின் மகள் ஒரு ராத்திரி போன் எடுத்தாள். "அக்கா, தம்பிட வலது கை எந்த நேரமும் பொத்தினபடியே கிடக்கு. மற்றக் கை அப்பிடியில்ல. என்ன கா செய்யுற?" பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். 33ஆவது கிழமையில், அதாவது ஏழு கிழமை முந்திப் பிறந்தவன். பல நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்துதான் வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மாமி சொன்னது: "இவன்ட தகப்பனும் பிந்தித்தான் நடந்தவன். ஒரு வயசு மட்டும் பாப்பம், மறுகா யோசிப்பம்." கட்டாரில் வேலை செய்யும் கணவர் சொன்னது: இரண்டு மாதத்தில் லீவு கிடைக்கும், வந்தவுடன் நேரே கொழும்புக்குக் கொண்டுபோய்த் தலையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம். ஊர் மிட்வைஃப் சொன்னது: இந்தக் கிழமையே துண்டு (பெரிய இடத்துக்கு அனுப்பி எழுதித் தரும் கடிதம்) வாங்கிக்கொண்டு கிளினிக்கில் காட்டுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சி, எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டால் கை விரியும் என்றார். நாலு பேரும் அந்தப் பிள்ளையில் உயிரையே வைத்திருக்கிறவர்கள். ஆனால் நாலையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), இரண்டு காலிலும் இறுக்கம். அவளும் குறைமாதப் பிள்ளைதான். அவள் இன்னும் தானாக உட்காரவில்லை என்று பத்தாவது மாதத்தில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனேன். "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வருவார்கள், இன்னும் கொஞ்சம் பாருங்கள்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் நானும் ஆசைப்பட்டுப் போயிருந்தேன் என்று இப்போது விளங்குகிறது. நோயின் பெயரை எங்களுக்குச் சொன்னது 19ஆவது மாதத்தில். நடுவில் போன ஒன்பது மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். அதனால் இந்த விசயத்தில் எனக்கு ஒரு பக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனாலும் மற்ற யோசனைகளில் உள்ள நியாயத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நியாயம் இருப்பதால்தான் நல்ல மனிதர்களும் பிந்திப்போகிறார்கள்.

பொறுத்துப் பார்ப்பது

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் உடம்பு பிரட்டுவதில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு வயதை எண்ணும் முறையே வேறு. பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். தடுப்பூசி மட்டும்தான் பிறந்த நாள் கணக்கில் போகும். வளர்ச்சியைத் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும். தங்கச்சியின் மகனுக்கு ஐந்து மாதம் என்றால் ஏறக்குறைய 22 கிழமை. ஏழைக் கழித்தால் 15 கிழமை, மூன்றரை மாதம். மூன்றரை மாதப் பிள்ளை உடம்பு பிரட்டவில்லை என்று யாரும் கலங்கத் தேவையில்லை. அந்த அளவில் மாமி சொன்னது சரி.

ஆனால் அவள் என்னிடம் சொன்னது பிந்துவதைப் பற்றி அல்ல. ஒரு கை விரிகிறது, மற்றது விரியவில்லை என்றாள். இரண்டு கையும் பொத்தியிருந்தால் திருத்திய வயதில் நாலு மாதம் வரை பொறுக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அது வயதுக் கணக்கில் அடங்காது. ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரு கையால் மட்டும் எல்லாவற்றையும் எடுத்தால் "இவன் இடக்கையன் போல" என்று சிரித்துவிட்டுப் போவோம். அந்த வயதில் பிள்ளை எந்தக் கையையும் தெரிவு செய்வதில்லை. மற்றக் கைக்கு என்ன தடை என்றுதான் பார்க்க வேண்டும்.

மூளை முடக்குவாதமோ என்று பார்க்கவைக்கிற அறிகுறிகளில் இதே வரிசையில் இன்னும் சிலவற்றைச் சொல்லலாம். கையைப் பிடித்துத் தூக்கி இருத்தும்போது நாலு மாதம் தாண்டியும் தலை பின்னுக்கு விழுவது. ஒன்பது மாதத்திலும் பிடிக்காமல் இருக்க முடியாதது. துணி மாற்றும்போது தொடை விரியாத இறுக்கம். நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போவது. எப்போதும் விறைத்து, அல்லது எப்போதும் துணி மாதிரித் துவண்டு கிடப்பது. என் மகளுக்குத் தொடை விரியாத இறுக்கம் ஏழாம் மாதத்திலேயே இருந்தது. குளிப்பாட்டுகிற என் அம்மாவுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. "இவள்ட கால் ஏன் இப்பிடி முறுகுது?" என்று கேட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பொறுப்பதால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். மூளை முடக்குவாதம் என்பது வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஒருமுறை ஏற்பட்ட பாதிப்பு. அந்தப் பாதிப்பு நாள் போகப் போகப் பெருகாது. ஆனால் அதன் விளைவு, வளர்கிற உடம்பில் மாறிக்கொண்டே போகும். முதல் இரண்டு வருடத்தில்தான் மூளை தன் பாதைகளை வேகமாக அமைக்கிறது. எங்கள் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்குக் கரையில், வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் திறந்து கிடக்கும், ஓடாதது தூர்ந்துபோகும். பாவிக்காத கைக்குப் போகிற பாதையும் அப்படித்தான் மெலியும். அதோடு இறுகிய தசை, எலும்பு வளர்கிற வேகத்துக்கு நீளாது. மூட்டு மடங்கியபடியே நிற்கப் பழகிவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. போய்க் காட்டி, "ஒன்றுமில்லை" என்றால் இழந்தது சில அரைநாளும் பஸ் காசும். போகாமல் இருந்து, பிறகு "இருக்கிறது" என்றால் இழந்தது திரும்ப வராத மாதங்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

சோதனைகளில் எது முதலில்

கணவர் எம்.ஆர்.ஐ. என்றதும் எனக்கு ஆச்சரியமில்லை. படம் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். காசு போனாலும் பரவாயில்லை, சந்தேகம் தீரட்டும் என்பது தூரத்தில் இருக்கிற தகப்பனின் தவிப்பு. பிள்ளையைத் தூக்கிப் பார்க்க முடியாதவருக்குப் படமாவது வேண்டும்.

2017இல் ஐயோனா நோவாக் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளரும் பல நாட்டு நிபுணர்களும் சேர்ந்து, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக எடுத்துப் பார்த்து ஒரு மீளாய்வு வெளியிட்டார்கள். முன்பு 12 முதல் 24 மாதத்தில் சொல்லிவந்த பெயரை, திருத்திய வயதில் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்ல முடியும் என்பது அதன் சாரம். அதில் மூன்று சோதனைகளை முன்னே வைத்தார்கள். மூளை முடக்குவாதம் உள்ள நூறு பிள்ளைகளை எடுத்தால், கைகால் அசைவைப் பார்க்கும் முறை 98 பேரைக் கண்டுபிடிக்கிறது. கையால் செய்யும் நரம்புச் சோதனை 90 பேரை. எம்.ஆர்.ஐ. 86 முதல் 89 பேரை. அதாவது மூன்றில் அதிகம் செலவாகிற சோதனைதான் தனியாக நிற்கும்போது கொஞ்சம் பின்னால் நிற்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்காவது படம் சுத்தமாக வரும். "படம் நல்லாயிருக்கு" என்று சொல்லித் தகப்பன் நிம்மதியாகத் திரும்பிப் போய்விடுவார், கை பொத்தியபடியே இருக்கும். இதுதான் என் பயம்.

எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று சொல்லவில்லை. காயம் எங்கே, எப்போது ஏற்பட்டிருக்கலாம் என்று அதைப்போல் சொல்கிற வேறொன்று இல்லை. குறைமாதப் பிள்ளைகளில் மூளையின் உள்ளே நீர் நிற்கும் அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதிதான் எளிதில் அடிபடும். காலுக்குப் போகிற நரம்பு இழைகள் அந்த அறைகளுக்கு மிகக் கிட்ட ஓடுகின்றன, கைக்குப் போகிறவை சற்று விலகி. என் மகளுக்குக் கால்தான் இறுக்கம், கை பெரும்பாலும் சரி. ஏன் அப்படி என்று படத்தை வைத்துத்தான் எனக்கு விளக்கினார்கள். அதே படம் சில நேரம் "இது முடக்குவாதமே அல்ல, வேறு நோய்" என்றும் காட்டும். ஆனால் அசையாமல் அரைமணி நேரமாவது படுக்க வேண்டும். முதல் சில மாதங்களில் பால் கொடுத்துத் துணியால் சுற்றித் தூங்கவைத்தே எடுத்துவிடலாம். வளர்ந்த பிள்ளைக்கு மயக்கம் கொடுக்க வேண்டிவரும். அதற்கு ஆளும் ஆயத்தமும் வேண்டும். பிள்ளையைக் கையால் தொட்டுப் பார்த்த டொக்டர் கேட்டு எடுத்த படமும், நாங்களாகப் போய் எடுத்த படமும் ஒன்றல்ல. வாசிக்கிறவருக்கு எதைத் தேட வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கையால் செய்யும் சோதனைக்கு ஹாமர்ஸ்மித் குழந்தை நரம்புச் சோதனை என்று பெயர். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரால் வந்தது. இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை செய்யலாம். 26 விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி வரை, மொத்தம் 78. கண் பின்தொடர்கிறதா, தலை நிற்கிறதா, மூட்டு எவ்வளவு விரிகிறது, தூக்கிப் பிடித்தால் கால் என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். பெரிய மெசின் ஒன்றும் தேவையில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு 73க்குக் கீழே வந்தால் ஆபத்து அதிகம் என்று எடுப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளை அதிகம் புள்ளி இழக்காது. அதனால் மொத்தத்தோடு, வலதுக்கும் இடதுக்கும் எத்தனை இடத்தில் வித்தியாசம் என்பதையும் எண்ண வேண்டும். தங்கச்சியின் மகனுக்கு முக்கியமானது அதுதான்.

மூன்றாவது முறைக்கு மெசினும் வேண்டாம், பிள்ளையைத் தொடவும் வேண்டாம். பிரெக்டல் என்ற மருத்துவர் வகுத்த முறை. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தானாக அசைவதை மட்டும் பார்ப்பது. பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணி 9 முதல் 20 கிழமை வரையான காலத்தில், கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்ன வட்டமாக, எல்லாத் திசையிலும் துருதுருவென்று அசைந்தபடி இருக்கும். அந்தத் துருதுருப்பு இல்லாமல் போவதுதான் அறிகுறி. பயிற்சி எடுத்தவர்கள்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஆனால் வீடியோ எடுப்பது எங்கள் கையில் இருக்கிறது.

இங்கேதான் தங்கச்சியின் கணக்கு மாறுகிறது. அவள் பிள்ளைக்கு 15 கிழமை. இந்தச் சோதனைக்கு இன்னும் ஐந்து கிழமைதான் மிச்சம். கணவர் லீவில் வரும்போது அது முடிந்திருக்கும். எம்.ஆர்.ஐ. அடுத்த மாதமும் எடுக்கலாம், அடுத்த வருடமும் எடுக்கலாம். கைச் சோதனைக்கு இரண்டு வயது வரை காலம் உண்டு. அசைவைப் பார்க்கும் காலம் மட்டும் போனால் போனதுதான். ஆகவே காத்திருக்கக்கூடியதை முதலில் செய்யப்போய், காத்திருக்க முடியாததைத் தவறவிடக் கூடாது.

அன்றைக்கே அவளுக்கு வீடியோ எடுக்கச் சொன்னேன். ஏணையில் அல்ல, பாயில் படுக்கவை. பால் குடித்து, முழித்து, அழாமல் இருக்கிற நேரம் பார். மெல்லிய சட்டை, கை கால் வெளியே தெரிய வேண்டும். சூப்பி வேண்டாம், கிலுகிலுப்பை வேண்டாம், நீயும் பேசாதே. மேலேயிருந்து, முழு உடம்பும் தெரிய, ஐந்து நிமிடம் எடு. பிறகு இரண்டு கையையும் கிட்டத்தில் இன்னொன்று. கிளினிக்கில் பிள்ளை அழும், அல்லது நித்திரையாகிவிடும். டொக்டர் பார்க்க வேண்டியது வீட்டில் நடப்பதை. அசைவுச் சோதனையில் பயிற்சி பெற்றவர் அங்கே இல்லாவிட்டாலும் வீடியோவை அனுப்பி அபிப்பிராயம் கேட்கலாம்.

மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்சிக்குழி மூடுவதற்கு முன் அதன் வழியே எடுக்கும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கான், குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்த கிழமைகளிலேயே பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். இரத்தக் கசிவை நன்றாகக் காட்டும். சி.டி. ஸ்கானில் கதிர்வீச்சு உண்டு, காட்டுவதும் எம்.ஆர்.ஐ.யை விடக் குறைவு. இதற்காக அதைத் தேடிப் போக வேண்டாம். வலிப்பு இருந்தால் மட்டும் மூளையின் மின்னலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. பிள்ளை திடீர் திடீரென்று முன்னுக்குக் குனிந்து கை விரித்துச் சலாம் போடுவது போல் தொடர்ச்சியாகச் செய்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கே காட்டுவது

கொழும்பில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து, இப்படியான பிள்ளைகளுக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே உள்ள நிபுணத்துவத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. என் மகளையும் பிறகு கொழும்புக்குக் கொண்டுபோனோம், பலன் கிடைத்தது. ஆனால் முதல் படியாக அதைச் சொல்லமாட்டேன்.

காரணம் முந்நூறு கிலோமீற்றர் தூரம் மட்டுமல்ல. மூளை முடக்குவாதத்தைக் கண்டுபிடிப்பதில் பாதி, தாய் சொல்கிற கதை. பிறந்தவுடன் அழுததா, மஞ்சளுக்கு எத்தனை நாள் லைட்டில் வைத்தார்கள், பால் குடிக்கையில் புரைக்கேறுமா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், குளிப்பாட்டும்போது எது இறுகும். இதையெல்லாம் தன் பாசையில், தன் வேகத்தில் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, களுவாஞ்சிகுடியிலோ, கல்முனையிலோ, அக்கரைப்பற்றிலோ அவள் வாய் திறந்து பேசுவாள். "முறுகுது" என்றால் என்னவென்று விளங்கும். கொழும்பிலும் அம்பாறை நகரிலும் நல்ல மனம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நடுவில் ஒருவர் மொழிபெயர்க்கும்போது பத்து வசனம் இரண்டாகிவிடும். விடுபடுகிற எட்டில் ஒன்றுதான் தேவையானதாக இருக்கும். எனக்கு அது நடந்திருக்கிறது.

இரண்டாவது காரணம், இது ஒருநாள் வேலை அல்ல. ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யமாட்டார்கள். ஆறு கிழமை, மூன்று மாதம் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பிசியோதெரப்பிக்குக் கிழமைதோறும் போகவேண்டி வரலாம். மண்டூரிலிருந்து பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிக் குருமண்வெளியில் இறங்கினால் களுவாஞ்சிகுடி கிட்ட. பொத்துவிலில் இருக்கிறவருக்கு மட்டக்களப்பே நூறு கிலோமீற்றரளவு. அவர் அக்கரைப்பற்றையோ கல்முனையையோதான் முதலில் பார்க்க வேண்டும். போய்வரக்கூடிய இடம்தான் முதல் இடம். அங்கிருந்து பெரிய இடத்துக்கு எழுதிக் கொடுத்தால், கடிதத்தோடும் சோதனை முடிவோடும் போகலாம்.

தனியாரில் சனல் பண்ணுவது, அதாவது காசு கட்டி டொக்டரிடம் நேரம் எடுத்துக் காட்டுவது? கிளினிக் திகதி இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தால், ஒருமுறை சனல் பண்ணிக் காட்டுவதில் தப்பில்லை. அதே டொக்டரே உங்களை அரச கிளினிக்குக்கு எடுக்கவும் கூடும். ஆனால் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழுக்க சனலிலேயே ஓடினால், பிசியோ, காது, கண் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு கட்டி ஓய்ந்துபோவீர்கள். அரச ஆஸ்பத்திரியில் இது இலவசம், ஒரே கொப்பியில் எழுதப்படும்.

மிட்வைஃபையும் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கையும் பலர் ஊசி போடும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். 2, 4, 6, 9, 12 மாதம் என்று ஊசிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை நாள்தான். ஆம்பிளைப் பிள்ளைக்கு நீலம், பொம்பிளைப் பிள்ளைக்கு ரோஸ் என்று தருகிற பிள்ளைக் கொப்பியில் நிறைப் படம் மட்டுமில்லை. எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அதை வீட்டில் நிரப்பிக்கொண்டு போங்கள். தலைச் சுற்றளவு அளந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடும் மஞ்சள் என்று ஒன்றுமே இல்லாத பிள்ளைகளுக்கும் இது வருகிறது. ஏறக்குறையப் பாதிப் பேர் அப்படித்தான். "நல்ல சுகப் பிரசவம், நிறை மூன்று கிலோ" என்பதை வைத்து அறிகுறியைத் தள்ளிவிடாதீர்கள்.

எண்ணெயும் நேர்த்தியும்

ஆச்சி சொன்ன எண்ணெயைப் பற்றி. மெதுவாகத் தடவுவதால் கெடுதல் இல்லை. பிள்ளைக்கும் தாய்க்கும் அது சுகம். இறுகிய கையை நீட்டி முறுக்கிப் பிடிப்பது கூடாது. அது நோவைக் கொடுத்து இறுக்கத்தைக் கூட்டும். மாமாங்கத்துக்கு நேர்த்தி வைப்பதும், தண்ணி ஓதிக் குடிப்பதும் அவரவர் நம்பிக்கை. என் மகளுக்காக நானும் கொக்கட்டிச்சோலைக்கு நடந்திருக்கிறேன். கிளினிக் நாளில் கிளினிக்குக்குப் போய்விட்டு மற்ற நாளில் அதையும் செய்யலாம். ஸ்டெம் செல் என்று பெருந்தொகை கேட்கிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். காணியை விற்று அதற்குக் கொடுக்கும் நிலையில் ஒரு மருந்து இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

பெயரை இப்போதே கேட்பதா

இதுதான் எல்லாரும் சங்கடப்படும் இடம். டொக்டர்மார் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது: பிழையாகச் சொல்லிவிட்டால்? பெற்றோருக்கும் பயம். ஊரில் ஒரு பெயர் விழுந்தால் பிள்ளையின் அக்காவுக்குக் கலியாணம் பேசும்போதும் அது வந்து நிற்கும் என்று நினைக்கிற வீடுகள் உண்டு. தாயைத்தான் முதலில் குறை சொல்வார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று. அதில் ஒன்றும் உண்மையில்லை.

ஆனால் பெயருக்கும் பெயரின்மைக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. "மூளை முடக்குவாதம் வருவதற்கான ஆபத்து அதிகம்" என்று எழுதுவது. அசைவில் குறை தெரிய வேண்டும்; அதோடு படத்தில் பாதிப்போ, பிறப்புக் காலத்தில் அதற்கான வரலாறோ, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் அப்படி எழுதலாம் என்று 2017 மீளாய்வு சொல்கிறது. அது எழுதப்பட்ட நாளிலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம். பிறகு பிள்ளை நன்றாக வந்தால் அந்த வரியை வெட்டிவிடலாம், பயிற்சியால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. நான் இந்த நடுப்படியின் பக்கம்தான். எனக்கு யாராவது பத்தாம் மாதத்தில் இதைச் சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்க அழுதிருப்பேன், விடிந்ததும் பிசியோவுக்குப் போயிருப்பேன்.

எவ்வளவு கடுமை, நடக்குமா நடக்காதா என்று அந்த வயதில் துருவிக் கேட்காதீர்கள். இரண்டு வயதுக்கு முன் சொல்லும் படிநிலை பல பிள்ளைகளில் பிறகு மாறுகிறது. மூளை முடக்குவாதம் உள்ள மூன்று பேரில் இரண்டு பேர் நடக்கிறார்கள், சிலர் கோல் பிடித்து. என் மகளும் கோலோடு பள்ளிக்கூடம் போகிறாள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: கண்ணும் காதும் எப்போது பார்ப்பீர்கள்? இடுப்பு எக்ஸ்ரே எப்போது? இந்தப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெதுவாக விலகும். வெளியில் ஒன்றும் தெரியாது. எங்களுக்கு இடுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நாலு வயதில் நோவு வந்தபோதுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

பெயரை அவசரப்பட்டு ஒட்டக் கூடாத இடமும் உண்டு. செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை மறந்துகொண்டே போனால், வீட்டில் இன்னொருவருக்கும் இப்படி இருந்தால், பகலில் நன்றாக இருந்து பின்னேரத்தில் மட்டும் மோசமானால், அது முடக்குவாதம் போலத் தோன்றும் வேறு நோயாக இருக்கலாம். அவற்றில் சில மருந்தால் நன்றாகவே தேறும். மச்சான் மச்சாள் முறையில் கட்டும் வழக்கம் எங்கள் பக்கம் இருப்பதால், சொந்தத்துக்குள் கலியாணமா என்று டொக்டர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தங்கச்சி செய்தது

அடுத்த கிழமையே துண்டோடு போனாள். போனில் வீடியோ இருந்தது. பிள்ளைக் கொப்பியோடு, அலுமாரியில் புடவைக்குக் கீழே கிடந்த டயக்னோசிஸ் கார்டையும் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். பிள்ளையை வீட்டுக்கு விடும்போது கொடுத்தது. ஒரு எழுத்தும் விளங்காததால் வீட்டில் யாரும் வாசித்திருக்கவில்லை. டொக்டர் அதை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். பிறந்த முதல் கிழமையில் எடுத்த ஸ்கானில் மூளையின் இடது பக்கத்தில் இரத்தக் கசிவு என்று இருந்தது. மூளையின் இடது பக்கம்தான் உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது. கொழும்புக்குப் போய்த் தேடவிருந்த பதிலில் பாதி ஐந்து மாதமாக அந்த அலுமாரியில் இருந்திருக்கிறது. விடும்போது யாராவது உட்காரவைத்துத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று அவள் அழுதாள். நானும்தான்.

அன்றைக்கே கொப்பியில் "ஆபத்து அதிகம்" என்று எழுதினார். கை பற்றிய பயிற்சி மறு கிழமை தொடங்கியது. சாமான்களை வலது பக்கமிருந்து நீட்டுவது, வலது உள்ளங்கையில் வேறுவேறு துணிகளைத் தொடவைப்பது, சொல்லித்தந்தபடி ஒரு நாளில் கொஞ்ச நேரம் மட்டும் இடது கைக்கு மெல்லிய உறை போட்டு வலது கைக்கு வேலை கொடுப்பது. உறை விடயத்தில் சொன்ன நேரத்துக்கு மேல் போகக் கூடாது. நல்ல கையும் வளர வேண்டும்.

கணவர் லீவில் வந்தபோது திட்டத்தில் ஒன்று மட்டும்தான் மாறியிருந்தது. எம்.ஆர்.ஐ.க்கு டொக்டரே கடிதம் எழுதித் திகதி எடுத்திருந்தார், என்ன பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு. பல் முளைத்ததும் செய்கிற பல்லுக் கொழுக்கட்டைச் சடங்கு அன்றைக்குப் பிள்ளையை இருத்தி, புத்தகம், பேனை, காசு, நகை எல்லாவற்றையும் மாமி தன் கையாலேயே வலது பக்கமாக எடுத்து வைத்தார். முதலில் இடது கைதான் குறுக்கே வந்தது. மாமி அதை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வலது கை மூன்று விரல் விரிந்து புத்தகத்தின் ஓரத்தில் பட்டது, பிடிக்கவில்லை. பெருவிரல் இன்னும் உள்ளே மடிந்துதான் இருக்கிறது. அதற்கு ஒரு சிறிய பட்டி செய்து தரலாமா என்று அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் கேட்க இருக்கிறார்கள்.